வெளியே கொடுப்பதா, சொந்த ஆள் வைப்பதா: தோட்டப்புற நிறுவனங்களின் மென்பொருள் முடிவு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தானிலும் அதைச் சுற்றியுள்ள ஊத்தான் மெலிந்தாங், லங்காப், பாகான் டத்தோ வட்டாரங்களிலும் செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் நிலையங்கள், தோட்டங்களுக்கு ஆள் ஏற்பாடு செய்யும் குத்தகையாளர்கள், லோரி நிறுவனங்கள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றை நடத்தும் நம்மவர்கள் பலரும் அண்மைக் காலமாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். எடைச்சீட்டு, கூலிக் கணக்கு, சிறுதோட்டக்காரர்களுக்கான பட்டுவாடா ஆகியவற்றுக்குத் தேவையான மென்பொருளைக் கோலாலம்பூரிலோ சென்னையிலோ உள்ள ஒரு நிறுவனத்திடம் எழுதிக் கொடுக்கச் சொல்வதா, அல்லது மாதச் சம்பளத்துக்கு நிரலாளர்களை வைத்து நாமே எழுதிக்கொள்வதா என்பதே அந்தக் கேள்வி.

கேள்வி இப்போது அவசரமாகியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸ் (மின்னணு விலைப்பட்டியல்) திட்டம் 2024 ஆகஸ்டு 1 அன்று, ஆண்டு விற்பனை 100 மில்லியன் ரிங்கிட்டைத் தாண்டிய நிறுவனங்களோடு தொடங்கியது. 2025 ஜனவரி 1 அன்று 25 மில்லியனைத் தாண்டியவர்களுக்கும், அதே ஆண்டு ஜூலை 1 அன்று 5 மில்லியனைத் தாண்டியவர்களுக்கும் வந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2022 மே மாதத்தில் 1,500 ரிங்கிட்டாகவும், 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டாகவும் உயர்ந்தது. இடையில், 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் ஊழியர் சேமநிதிச் சந்தா கட்டாயமாகி, முதலாளி 2 விழுக்காடும் தொழிலாளி 2 விழுக்காடும் செலுத்த வேண்டியதாயிற்று. ஆளுக்கொரு செக்ரோல் புத்தகமும் (வருகை, கூலிப் பதிவேடு) ஒரு கணிப்பொறியில் எக்செல் கோப்பும் வைத்து ஓட்டிய காலம் இந்த மாற்றங்களோடு முடிந்துவிட்டது என்றே நான் கருதுகிறேன்.

இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது ஐம்பது பேருக்கும் குறைவான அலுவலகப் பணியாளர்கள் உள்ள நிறுவனங்களை மட்டுமே. பெரிய தோட்ட நிறுவனங்களின் கணக்கு வேறு. ஜெண்டராத்தா தோட்டத்தில் தலைமையகம் கொண்டு 1906 முதல் இயங்கிவரும் யுனைடெட் பிளான்டேஷன்ஸ் தனக்கென ஆய்வு நிலையத்தையும் தோட்டத்துக்குள் தனிச் சிறு ரயில் பாதையையும் வைத்திருக்கிறது. அந்த அளவு உள்ளவர்கள் பிறர் வெளியில் வாங்குவதைத் தாங்களே செய்துகொள்வதில் வியப்பில்லை; அவர்களைப் பார்த்து நாம் முடிவெடுப்பதுதான் தவறு.

முதலில், எழுதவே கூடாதவை

வெளியே கொடுப்பதையும் உள்ளே எழுதுவதையும் ஒப்பிடுவதற்கு முன், இரண்டுமே தேவைப்படாத பகுதியைப் பிரித்து ஒதுக்கிவிட வேண்டும். சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிதி), வேலைக் காப்புறுதி, மாதாந்திர வரிப்பிடித்தம் ஆகியவற்றின் விதிகள் தெலுக் இந்தானுக்கு ஒன்று, ஜொகூருக்கு ஒன்று என்று இல்லை. நாடு முழுவதற்கும் ஒரே விதி இருக்கும்போது, சந்தையில் கிடைக்கும் ஆயத்தச் சம்பள மென்பொருளே போதும்; சட்டம் மாறும்போது அதை விற்றவர் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் சேர்த்து ஒரே தடவையில் புதுப்பித்துவிடுவார். கணக்குப் பதிவும் அப்படியே. இ-இன்வாய்ஸுக்கும், மாதத்துக்குச் சில பத்து விலைப்பட்டியல்கள் மட்டுமே அனுப்புகிற நிறுவனத்துக்கு வரி வாரியத்தின் இலவச மைஇன்வாய்ஸ் தளமே போதுமானது. இவற்றை எழுதித் தருவதாக எவர் முன்வந்தாலும், வெளியாராக இருந்தாலும் சம்பளத்துக்கு வந்தவராக இருந்தாலும், பணிவோடு மறுத்துவிடலாம்.

மிஞ்சுவது நமக்கே உரிய விதிகள். உண்மையான சிக்கலும் உண்மையான செலவும் அங்கேதான் இருக்கின்றன. குலை வாங்கும் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது எளிய கழித்தல் கணக்காகத் தெரியும்: குலையோடு லோரியின் எடை, காலி லோரியின் எடை, இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் காலி லோரியை ஒவ்வொரு முறையும் நிறுப்பதா, முன்பே பதிந்து வைத்த எடையைப் பயன்படுத்துவதா என்பது முதல் கேள்வி. மழைக்காலத்தில் சக்கரத்திலும் அடித்தட்டிலும் ஒட்டிய சேறு பதிந்து வைத்த எடையைப் பொய்யாக்கிவிடும். பழுக்காத குலை, நீண்ட காம்பு, நனைந்த குலை ஆகியவற்றுக்குக் கழிக்கும் விழுக்காட்டை யார் தீர்மானிப்பது, தீர்மானித்த பிறகு யாருக்குத் திருத்தும் உரிமை உண்டு என்பது இரண்டாவது. கழிவு போட்ட பிறகு வரும் பின்னக் கிலோவை மேலே முழுமையாக்குவதா, கீழே இறக்குவதா என்பது மூன்றாவது. ஒரு சீட்டில் அற்பமாகத் தெரியும் இந்த முழுமையாக்கல், ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கான சீட்டுகளில் ஒரே பக்கமாகச் சாய்ந்தால், அது சிறுதோட்டக்காரரின் வருமானத்திலிருந்து எடுக்கப்பட்ட பணம்.

விலை என்பது அதற்கு அடுத்த அடுக்கு. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் எண்ணெய் பிழிவு விகிதத்தின் (குலை எடையில் எண்ணெயாகக் கிடைக்கும் பங்கின்) ஒவ்வொரு விழுக்காட்டுக்கும் மேற்கோள் விலையை வெளியிடுகிறது. ஒரு விழுக்காட்டின் விலை 45 ரிங்கிட் என்றும் பிழிவு விகிதம் 19 விழுக்காடு என்றும் எடுத்துக்கொண்டால், ஒரு டன் குலைக்கு 855 ரிங்கிட். எந்த நாளின் விலையை எடுப்பது, குலை வந்த நாளா அல்லது ஆலை பணம் கொடுத்த நாளா? மாதச் சராசரி விலையில் ஆலை கணக்கு முடிக்கிறது என்றால், மாதத் தொடக்கத்தில் முன்பணம் வாங்கிய தோட்டக்காரருக்கு வேறுபாட்டை எப்போது சரிசெய்வது? உரம் கடனாக வாங்கியவரிடம் எத்தனை தவணையில் பிடித்தம் செய்வது, குலை குறைந்த மாதத்தில் பிடித்தத்தை நிறுத்திவைப்பதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒவ்வொரு நிலையத்திலும் விடை இருக்கிறது. அந்த விடை எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை; இருபது ஆண்டுகளாக அந்த மேசையில் உட்கார்ந்திருக்கும் கிராணியின் (அலுவலக எழுத்தரின்) நினைவில் இருக்கிறது.

குத்தகையாளரின் கூலிக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. குலை வெட்டுபவருக்கு டன் கணக்கில் கூலி, உதிரிப் பழம் பொறுக்குபவருக்குக் கிலோ கணக்கில் கூலி. கணவன் வெட்ட மனைவி பொறுக்கும் இணைகளில் கூலியை யார் பெயரில் எப்படிப் பிரிப்பது. மழையால் வேலை நின்ற நாளை எப்படிப் பதிவது. மாத முடிவில் வேலைக்கூலி குறைந்தபட்சச் சம்பளத்தை எட்டாதபோது மீதியைச் சேர்ப்பதற்கான கணக்கில் எந்த நாள்களைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது. மென்பொருள் முடிவில் ஒப்பிட வேண்டியது, இந்த அறிவு யார் கையில் போய்ச் சேரும், யாரிடம் தங்கும் என்பதைத்தான். விலை அதற்கு அடுத்தபடியே வரும்.

பணக் கணக்கு

இருந்தாலும் விலையை ஒதுக்கிவிட முடியாது. கீழே தருவது ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. எண்களை அவரவர் பெற்ற விலைக்கூறின்படி மாற்றிக்கொள்ளலாம்.

வெளி நிறுவனம் 90,000 ரிங்கிட் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்குச் சேவை வரி 6 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாக உயர்ந்திருப்பதால், வரி 7,200 ரிங்கிட் சேர்ந்து 97,200 ஆகிறது. முதல் ஆண்டு உத்தரவாதக் காலம். அதன் பிறகு பராமரிப்புக்கு ஆண்டுதோறும் மூல விலையில் 20 விழுக்காடு என்றால், வரியோடு 19,440 ரிங்கிட். நான்கு ஆண்டுகளுக்கு 77,760. ஐந்தாண்டு மொத்தச் செலவு 1,74,960 ரிங்கிட்.

உள்ளே ஆள் வைத்தால், மாதம் 5,000 ரிங்கிட் சம்பளம் வாங்கும் ஒரு நிரலாளருக்கு ஆண்டுச் சம்பளம் 60,000. முதலாளியின் சேமநிதிச் சந்தா 13 விழுக்காடு என்ற கணக்கில் 7,800. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் ஏறத்தாழ 1,160. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட உள்நாட்டுப் பணியாளர்கள் இருந்தால், பணியாளர் பயிற்சிக்கான மனிதவள மேம்பாட்டு வரி 600. போனஸ், கணினி, மின்சாரம் எதுவும் சேர்க்காமலே ஆண்டுக்கு 70,000 ரிங்கிட்டை நெருங்கிவிடுகிறது. ஓர் ஆளுக்கு ஐந்தாண்டில் 3,50,000, இருவருக்கு 7,00,000.

இந்த எண்கள் ஒரு பக்கமாகச் சாய்கின்றன என்பதை மறைக்க வேண்டியதில்லை. சிறு நிறுவனத்துக்குச் சொந்த அணி என்பது பணத்தால் மட்டும் நியாயப்படுத்தக்கூடிய ஒன்றல்ல. ஆனால் வெளி நிறுவனத்தின் விலைக்கூறில் ஒரு பெரிய செலவு இல்லாமல் இருக்கிறது. அது மாற்றக் கட்டணம். ஒப்பந்தத்தில் எழுதப்படாத ஒவ்வொரு விதியும், ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு பிறந்த ஒவ்வொரு விதியும், புதிய வேலையாகக் கணக்கிடப்பட்டுத் தனியே விலை பேசப்படும். இதில் வெளி நிறுவனத்தின் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர்கள் நேரத்தை விற்றுத்தான் பிழைக்கிறார்கள். குறை நம் பக்கம்: கிராணியின் நினைவில் இருந்ததை எழுதிக் கொடுக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டு, கணக்கு சரியாக வரவில்லை என்று பிறகு வருந்துகிறோம். நிலையான விலைக்கு ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தில் இந்த ஆபத்து மிகுதி. செலவழித்த நேரத்துக்குப் பணம் என்ற ஒப்பந்தத்தில் மாற்றம் எளிது, ஆனால் யாரும் கவனிக்காவிட்டால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும்.

வெளியே கொடுப்பதன் நிறையும் குறையும்

நல்ல வெளி நிறுவனம் நமக்குத் தருவது, நாம் தனியே சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ள முடியாத பல திறன்களின் ஒரு பங்கு. தரவுத்தளம் அமைப்பவர், கைப்பேசிச் செயலி எழுதுபவர், பாதுகாப்பைச் சோதிப்பவர், திரைகளை வடிவமைப்பவர் ஆகிய நால்வரும் நம் வேலைக்குச் சில வாரங்கள் மட்டுமே தேவைப்படுவார்கள். வேலை முடிந்ததும் அவர்களுக்கு அடுத்த வேலையைத் தேடும் பொறுப்பு நம்முடையது அல்ல. ஆறு மாதத்தில் ஒரு முழுமையான முதல் பதிப்பு வேண்டும் என்றால், புதிதாக ஆள் தேடிச் சேர்த்துப் பழக்கி எழுதவைப்பதைவிட இதுவே விரைவு. இந்த நன்மையைக் குறைத்துச் சொல்பவர்கள் ஆள் தேடிப் பார்க்காதவர்களாகத்தான் இருக்க வேண்டும்.

குறைகளில் முதலாவது இடம். நம் எடைமேடை இருக்கும் இடத்தில் இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும். 2021 இறுதியில் 3ஜி சேவை நிறுத்தப்பட்ட பிறகு பழைய கருவிகளையெல்லாம் மாற்ற நேர்ந்த தோட்டப்புறங்கள் இவை. ஒளியிழை இணைப்பில் உட்கார்ந்து எழுதும் நிரலாளர், இணைப்பு இல்லாதபோதும் சீட்டு அச்சாகி, இணைப்பு வந்ததும் தரவு தானாகப் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலிலேயே வடிவமைப்பில் சேர்க்கமாட்டார். சேர்க்கச் சொல்லி எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு சேர்ப்பது ஏறத்தாழ மறுபடியும் எழுதுவதற்குச் சமம், ஏனென்றால் இரண்டு எடைமேடைகள் இணைப்பில்லாமல் ஒரே சீட்டு எண்ணைக் கொடுத்துவிட்டால் எது சரி என்ற கேள்வி அமைப்பின் அடித்தளத்தையே தொடுகிறது. ஒரு முழு வேலைநாளாவது அந்த நிரலாளர் எடைமேடை அறையில் உட்கார வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுவது மிகையான கோரிக்கை அல்ல.

சென்னை, கோயம்புத்தூர் நிறுவனங்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மொழி ஒன்றாக இருப்பதால் நம்மவர்களுக்கு அவர்கள்மீது இயல்பாகவே ஈர்ப்பு உண்டு. தமிழில் பேசிப் புரியவைக்க முடிவது பெரிய வசதிதான். ஆனால் அவர்களுக்குச் சொக்சோவும் தெரியாது, செம்பனையின் பிழிவு விகிதமும் தெரியாது. எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். நேர வேறுபாடு இரண்டரை மணி நேரம். காலை ஏழு மணிக்கு முதல் லோரி எடைமேடையில் ஏறும்போது அங்கே நாலரை மணி. காலை நேரத்து நெருக்கடிக்கு யார் பதில் சொல்வார்கள் என்பதை விலைக்கு முன்பே பேசிவிட வேண்டும். வெளிநாட்டு நிறுவனத்திடம் வாங்கும் சேவைக்கும் இறக்குமதிச் சேவை என்ற வகையில் சேவை வரியை நாமே கணக்கிட்டுச் செலுத்த வேண்டும் என்பதால், அந்த 8 விழுக்காடு மிச்சமாகாது.

இரண்டாவது குறை பெரியது: மென்பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்டுசொல்ல நம்மிடம் யாருமே இல்லாத நிலை. பிரிட்டனின் அஞ்சல் அலுவலகத்தில் நடந்ததைவிட இதற்குத் தெளிவான சான்று இல்லை. அங்கே 1999 முதல் கிளை அஞ்சலகங்களின் கணக்குக்காக ஹொரைசன் என்ற அமைப்பு பயன்பாட்டுக்கு வந்தது. அதைச் செய்து பராமரித்தது ஃபுஜிட்சு குழுமம். கணக்கில் பணம் குறைவதாக அந்த அமைப்பு காட்டியபோதெல்லாம், கிளையை நடத்தியவர்களே திருடினார்கள் என்று அஞ்சல் அலுவலகம் முடிவுகட்டியது. 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டனர். சிறைக்குப் போனவர்களும், வீட்டை இழந்தவர்களும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களும் உண்டு. அமைப்பிலேயே பிழைகள் இருந்தன என்பதை 2019 இல் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. வெளி நிறுவனத்தின் பணியாளர்கள் தொலைவிலிருந்தே கிளைக் கணக்கில் மாற்றம் செய்ய முடியும் என்பதும் வெளிவந்தது. அப்படி ஒரு வசதியே இல்லை என்று அஞ்சல் அலுவலகம் பல ஆண்டுகள் சொல்லிவந்திருந்தது. 2024 இல் தனிச் சட்டம் இயற்றித்தான் அந்தத் தண்டனைகளை நீக்கினார்கள்.

இதை இங்கே நான் எடுத்துச் சொல்வது அளவில் நம்மை ஒப்பிடுவதற்காக அல்ல. சீட்டில் எடை குறைந்துவிட்டது என்று ஒரு சிறுதோட்டக்காரர் வந்து நிற்கும்போது, கூலி குறைந்திருக்கிறது என்று ஒரு தொழிலாளி வந்து நிற்கும்போது, "கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுகிறது" என்ற பதிலைத் தவிர வேறெதையும் சொல்லத் தெரியாத அலுவலகம், அந்த அஞ்சல் அலுவலகம் நின்ற இடத்தில்தான் நிற்கிறது. தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் பெயருக்கு நேரே எழுதப்பட்ட எண்ணைத் தட்டிக் கேட்க முடியாமல் தலைமுறைகளைக் கழித்த ஊர் இது; அந்த நிலையை ஒரு புதிய இயந்திரத்தின் பெயரால் மீண்டும் கொண்டுவர நமக்கு உரிமையில்லை. எனவே எந்த வழியைத் தேர்ந்தாலும், ஒவ்வொரு சீட்டின் தொகையும் எந்தெந்தப் படியில் எப்படி வந்தது என்பதை அச்சிட்டுக் காட்டும் வசதியும், யார் எந்த எண்ணை எப்போது திருத்தினார் என்ற அழிக்க முடியாத பதிவும் இருந்தே ஆக வேண்டும்.

உள்ளே வைப்பதன் நிறையும் குறையும்

சொந்த அணியின் சிறப்பு, கேள்விக்கும் திருத்தத்துக்கும் இடையே உள்ள தொலைவு குறைவது. எடைமேடையில் காலையில் தெரிந்த குறையை மதியத்துக்குள் சரிசெய்து மறுநாள் பயன்பாட்டுக்குக் கொண்டுவர முடியும். விலை பேசத் தேவையில்லை, மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்கத் தேவையில்லை. ஓராண்டு அலுவலகத்தில் இருந்த நிரலாளருக்கு, சொல்லாமலே பல விதிகள் தெரிந்திருக்கும். நாம் கேட்காத நல்ல யோசனைகள் அவரிடமிருந்து வரும். தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கிற மென்பொருளுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை.

ஆள் கிடைப்பதுதான் தடை. கம்பாரில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகத்தின் தகவல் தொழில்நுட்பப் பட்டதாரிகள் நமக்கு அருகிலேயே உருவாகிறார்கள். ஆனால் பட்டம் பெற்றதும் பினாங்குக்கும் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தன்னைவிட அனுபவசாலி ஒருவரின் கீழ் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில், தனியொருவராக ஒரு குலை நிலையத்தில் உட்கார்ந்தால் அவர்களின் தொழில் வளராது. வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊருக்குத் திரும்பியவர்கள், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய விரும்பும் இளம் தாய்மார்கள் போன்றவர்களைத் தேடிப் பேசினால் நல்ல ஆள் கிடைக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. நம் நிறுவனங்கள் அவர்களைத் தேடுவதே இல்லை என்பது எனக்கு வருத்தம்.

இங்கே ஒரு கண்டிப்பான கருத்தைச் சொல்ல விரும்புகிறேன். ஒரே ஒரு நிரலாளரை வேலைக்கு வைத்து அவரிடம் எல்லாவற்றையும் ஒப்படைப்பதை நான் சொந்த அணி என்று கணக்கில் எடுக்கமாட்டேன். வெளி நிறுவனம், சொந்த அணி, தனி நிரலாளர் என்ற மூன்று வழிகளில் அதுவே மிக ஆபத்தானது. வெளி நிறுவனத்துக்கு ஒப்பந்தம் இருக்கிறது, மாற்று ஆள் இருக்கிறார், பெயரைக் காப்பாற்றிக்கொள்ளும் தேவை இருக்கிறது. தனி நிரலாளர் மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விலகினால், ஆவணம் இல்லாத ஒரு நிரல் தொகுப்பும் யாருக்கும் தெரியாத கடவுச்சொற்களும்தான் மிஞ்சும். அவர் எழுதியதைச் சரிபார்க்க இன்னொருவர் இல்லாததால் பிழைகள் வெளியே தெரியவும் வராது. இருவராவது இல்லாமல் உள்ளே நிரல் எழுதத் தொடங்கக் கூடாது. இருவருக்கும் சம்பளம் கொடுக்க முடியாத நிறுவனம் நிரலாளரை வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

ஒரு சம்பளம் மட்டுமே இருந்தால்

அப்படியானால் ஓர் ஆளுக்கு மட்டுமே பணம் இருப்பவர்கள் என்ன செய்வது? நம் வட்டாரத்து நிறுவனங்களில் பெரும்பாலானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. அந்தச் சம்பளத்தை நிரல் எழுதத் தெரிந்தவருக்குக் கொடுக்காமல், விதி தெரிந்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது என் முடிவு. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கிராணி, எக்செல் கோப்பைத் தானே செப்பனிட்டுக்கொள்ளும் ஆர்வமும், ஏன் என்று கேட்கும் பழக்கமும் உள்ளவர் என்றால், அவரே பொருத்தமானவர். மாதம் 3,500 ரிங்கிட் சம்பளத்துக்குச் சந்தாக்கள் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 48,700 ரிங்கிட்டை ஒட்டி வரும். பாதி நேரம் பழைய வேலையையும் பார்ப்பார் என்பதால் மென்பொருளின் பங்குக்கு விழுவது அதில் பாதிதான். மனிதவள மேம்பாட்டு வரி கட்டுகிற நிறுவனம் என்றால், அந்தக் கணக்கிலிருந்தே அவருக்குப் பயிற்சியும் கொடுக்கலாம்.

அவருடைய முதல் வேலை, எந்த நிறுவனத்தையும் அழைப்பதற்கு முன்பே, விதிகளை எழுதுவது. விதியை மட்டும் எழுதினால் போதாது, உண்மையான பழைய சீட்டுகளிலிருந்து எடுத்துக்காட்டுகளையும் தொகுக்க வேண்டும்: இந்த எடை, இந்தக் கழிவு, இந்த விலை, இந்த முன்பணம் என்றால் விடை இத்தனை ரிங்கிட் இத்தனை சென் என்று நூறு, இருநூறு எடுத்துக்காட்டுகள். மழைநாள், விடுமுறை நாள், பாதி மாதத்தில் வேலையை விட்டவர், ஒரே நாளில் இரண்டு தோட்டங்களில் வேலை செய்தவர் போன்ற சங்கடமான வழக்குகள் அதில் அதிகம் இருக்க வேண்டும். வெளி நிறுவனம் ஒவ்வொரு பதிப்பைக் கொடுக்கும்போதும் அந்த எடுத்துக்காட்டுகள் அனைத்தும் சரியாக வந்தால்தான் அந்தத் தவணைப் பணம் என்று ஒப்பந்தம் எழுதலாம். நிரல் படிக்கத் தெரியாத ஒருவர் நிரலைச் சரிபார்க்க இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு நிறுவனத்தை மாற்றினாலும், சொந்த அணிக்கு மாறினாலும் அந்தத் தொகுப்பு நம்மிடமே இருக்கும்.

சட்டப் பக்கத்தில் இரண்டு செய்திகளை மட்டும் சொல்கிறேன். மலேசியாவின் 1987 ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26 ஆவது பிரிவின்படி, பணம் கொடுத்து எழுதச் சொன்ன படைப்பின் பதிப்புரிமை, வேறுவிதமாக ஒப்புக்கொள்ளப்படாதவரை, எழுதச் சொன்னவருக்கே மாற்றப்பட்டதாகக் கருதப்படும். கணினி நிரலும் அந்தச் சட்டத்தில் அடங்கும். பலரும் அஞ்சுவதற்கு மாறாக, சட்டம் தொடக்கத்திலேயே நம் பக்கம் நிற்கிறது. ஆகவே வெளி நிறுவனம் நீட்டும் ஒப்பந்தத்தில் அந்த உரிமையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் வாசகம் இருக்கிறதா என்பதைத்தான் தேடிப் பார்க்க வேண்டும். உரிமை தாளில் இருந்தால் மட்டும் போதாது. மூல நிரல் நம் பெயரில் உள்ள களஞ்சியத்தில் வாரந்தோறும் வந்து சேர வேண்டும். கிளவுட் கணக்கும் இணையப் பெயரும் நம் பெயரில், நம் கடன் அட்டையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று தனிநபர் தரவு. தொழிலாளர்களின் கடப்பிதழ் எண், வங்கிக் கணக்கு, பல தோட்டங்களில் வருகைப் பதிவுக்காக எடுக்கப்படும் விரல்ரேகை ஆகியவை எல்லாம் வெளி நிறுவனத்தின் கைக்குப் போகின்றன. 2010 ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2024 இல் கொண்டுவரப்பட்ட திருத்தம், விரல்ரேகை போன்ற உடலடையாளத் தரவை நுண்ணுணர்வுத் தரவின் வகையில் சேர்த்தது. தரவைக் கையாளும் வெளி நிறுவனங்களுக்கும் நேரடியாகப் பாதுகாப்புக் கடமையை விதித்தது. அதிகபட்ச அபராதத்தை 10 லட்சம் ரிங்கிட்டாக உயர்த்தியது. சோதனைக்காக நிரலாளர்களுக்குக் கொடுக்கும் தரவில் உண்மையான தொழிலாளியின் பெயரோ எண்ணோ இருக்கக் கூடாது. சொந்த அணி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

எப்போது உள்ளே திரும்புவது

வெளியே கொடுத்துத் தொடங்கியவர்கள் அதிலேயே நிலைத்துவிட வேண்டும் என்பதில்லை. எந்த அடையாளத்தைக் கண்டால் மாறலாம் என்பதை முன்பே முடிவு செய்து வைப்பது நல்லது, இல்லாவிட்டால் ஒரு சண்டையின் சூட்டில் மாறிவிடுவோம். மேலே சொன்ன எடுத்துக்காட்டில், இரு நிரலாளர்களின் ஐந்தாண்டுச் செலவுக்கும் வெளி ஒப்பந்தச் செலவுக்கும் உள்ள வேறுபாடு 5,25,000 ரிங்கிட். ஆண்டுக்கு ஏறத்தாழ 1,05,000. எனவே மாற்றக் கட்டணம் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்தத் தொகையை நெருங்கினால், சொந்த அணியைப் பற்றிப் பேசத் தொடங்கலாம். அதற்குக் கீழே இருக்கும்வரை, கட்டணச் சீட்டு எவ்வளவு எரிச்சலூட்டினாலும், வெளியே கொடுப்பதே மலிவு. பணத்தைத் தாண்டிய ஓர் அடையாளமும் உண்டு: பிற நிலையங்கள் நம் மென்பொருளைப் பயன்படுத்திக்கொள்ளக் கேட்டு வந்தால், அது நம் தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது, அதை வெளியார் கையில் விட்டுவைக்கக் கூடாது.

மாறுவது என்று முடிவான பின் பழைய நிறுவனத்தோடு உடனே உறவை முறித்துக்கொள்ள வேண்டாம். புதிய இருவரும் பழைய நிறுவனமும் சேர்ந்து வேலை செய்யும் காலம் குறைந்தது ஆறு மாதமாவது இருக்க வேண்டும், அந்த ஆறு மாதத்துக்குள் மழைக்காலமும் ஆண்டுக் கணக்கு முடிப்பும் வந்துபோவது விரும்பத்தக்கது. அந்தக் காலத்துக்கு இரட்டைச் செலவு ஆகும். அதை மாற்றத்தின் விலையில் முதலிலேயே சேர்த்துக் கணக்கிட வேண்டும். முதல் மூன்று மாதம் புதியவர்கள் எதையும் புதிதாக எழுதாமல் பழைய நிரலில் உள்ள பிழைகளை மட்டும் திருத்தட்டும். ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் அந்த இருநூறு எடுத்துக்காட்டுகளை ஓட்டிப் பார்த்து, ஒரு சென் கூட மாறவில்லை என்று கிராணி ஒப்புதல் கொடுத்த பிறகே அது எடைமேடைக்குப் போக வேண்டும்.